மங்கையற்கரசி ஊர் விசாரித்த கதை

ஜேர்மனியின் ஹம் நகரில் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு தமிழ்க்கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஆசிய, ஆபிரிக்க உணவுப் பொருட்கள் என்று எழுதியிருக்கும். சும்மா எழுதி வைக்கவில்லை. மேல்தட்டில் முருங்கைக்காய் என்றால் கீழ்த்தட்டில் தொடைப் பருமனில் ஆபிரிக்க வள்ளிக்கிழங்கு. ஒரு மூலையில் ஒடியல் மா, மறு மூலையில் சிவந்த பாம் எண்ணெய். சனிக்கிழமைகளில் தமிழ்ச் சனமும் ஆபிரிக்கச் சனமும் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் உள்ளே நிற்க வேண்டும். அந்தக் கடையின் காசு மேசையில் நிற்கிறவள்தான் மங்கையற்கரசி.

அவள் கோண்டாவிலில் பிறந்தவள். சண்டைக் காலத்தில் புருசனோடு ஜேர்மனிக்கு வந்து, முதலில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் உருளைக்கிழங்கு சீவினாள். பிறகு கந்தோர்கள் கூட்டித் துடைத்தாள். பிறகுதான் இந்தக் கடை. புருசன் இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்த மனிசன்; மகள் மிதுசா சின்ன வகுப்பில் படிக்கிற காலத்திலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அதற்குப் பிறகு மகளும் அவளும்தான். இந்த நாட்டில் இரத்த உறவென்று இருந்தது அண்ணன் கதிர்காமநாதன் ஒருவர். அவரும் அதே ஹம்மில்தான், நடந்து போகிற தூரம்.

பிடிவாதக்காரி என்று அவளை எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். மிதுசா நாலாம் வகுப்பு முடித்தபோது, இந்தப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரைக்கும் கொண்டுபோகிற கிம்னாசியம் சரிவராது, சாதாரணப் பள்ளிக்கூடம் போதும் என்று ஆசிரியை எழுதி அனுப்பினாள். மங்கையற்கரசிக்கு அப்போது ஜேர்மன்காரரின் டொச் பாசையில் முப்பது சொல் தெரிந்திருந்தால் அதிகம். பள்ளிக்கூடத்து நடைபாதையில் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வருகிறவர்கள் எல்லோரிடமும் "இல்லை, கிம்னாசியம்" என்றாள். மறுநாளும் போய் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். கடைசியில் அதிபருக்கே அலுத்துப்போய், எழுதியதை மாற்றிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை இன்றைக்கு டோட்முண்டில் ஒரு வைத்தியசாலையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறாள்.

அங்கே அவளோடு வேலை செய்கிற ஆண் தாதி ஒருவன் இருந்தான். பேனாட் என்று பெயர். புருண்டி நாட்டவன். ஒருநாள் மிதுசா சாப்பாட்டு மேசையில், எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல், தான் அவனைத்தான் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மங்கையற்கரசி அழவில்லை, கத்தவும் இல்லை. இரண்டு நாள் வழமைபோலக் கடைக்குப் போய் வந்தாள். மூன்றாம் நாள், கூட்டிக்கொண்டு வா பார்ப்போம் என்றாள்.

அவன் வந்தான். உயரமான, அமைதியான பிள்ளை. சப்பாத்தை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்தான். புட்டும் மீன் குழம்பும் கையால் பிசைந்து சாப்பிட்டான். மரவள்ளிக் கிழங்குக் கறியை மட்டும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். கதிர்காமநாதனும் வந்திருந்தார். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தானே முன்னுக்கு நிற்க வேண்டும்? அவர் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர் என்பது.

கயன்சா என்றான் பேனாட்.

சரி என்று கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை அவன் வந்தபோது மங்கையற்கரசி அதையே கேட்டாள். முருத்தா என்றான். பிறகு ஒருநாள் மிதுசாவின் பிறந்தநாளுக்கு வந்திருந்தவர்களில் யாரோ கேட்க, ருவெகுராவுக்குப் பக்கத்து மலை என்றான். போதாக்குறைக்கு அன்று தன் தாயின் படத்தைக் கைபேசியில் காட்டினான். ஆடி மாதத்தில் எடுத்த படம். அந்த மனிசி கம்பளிச் சட்டை போட்டு, அதற்கு மேல் ஒரு போர்வையும் சுற்றிக்கொண்டு நின்றாள். இது எந்த நாடு என்று கதிர்காமநாதன் கேட்டார். எங்கள் வீடுதான், அங்கே குளிர் என்றான் அவன்.

கதிர்காமநாதனுக்கு அது போதுமாக இருந்தது. அன்று எல்லோரும் போன பிறகு தங்கையைக் குசினிக்குள் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"ஒரு ஊர் கேட்டால் மூண்டு ஊர் சொல்லுறான். ஆபிரிக்காவிலை குளிரெண்டு சொல்லுறான். ஆருக்குக் காது குத்துறான்? உவன் பொய்யன் மங்கை."

"மலையெண்டால் குளிரும்தானே அண்ணை. நுவரெலியா குளிரேல்லையே?"

"நுவரெலியாவும் ஆபிரிக்காவும் ஒண்டே? சரி, அதை விடு. அங்கை ரெண்டு பகுதி இருக்காம், ஹூட்டு, டுட்சி எண்டு. ஒண்டை ஒண்டு வெட்டினதாம். உவை என்ன ஆக்கள்? வெட்டினவையோ, வெட்டுப்பட்டவையோ? அதைக் கேட்டுச் சொல்லு. அது தெரிஞ்சால் நான் வந்து நிக்கிறதைப் பற்றி யோசிக்கிறன். இல்லையெண்டால் என்ரை காலடி அந்தப் பக்கம் வராது."

மிதுசா வேறு ஒரு பக்கம் நின்றாள். பதிவு அலுவலகத்தில் நாள் குறித்துத் தெர்மின் எடுத்தாகிவிட்டது, ஒக்ரோபர் கடைசி வெள்ளிக்கிழமை. சாட்சியாகத் தாய்மாமன் நின்றால் நல்லது, நிற்காவிட்டால் சிநேகிதி ஒருத்தி நிற்பாள். அம்மா வருவதென்றால் வரலாம், வராவிட்டால் அதுவும் அவரவர் விருப்பம். விசாரிக்கப் போகிறேன் என்று தாய் சொன்னதும் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. விசாரிப்பதற்கு அவர் என்ன களவெடுத்தவரா என்று கேட்டாள். மனிதனைப் பார்த்துக் கட்டுகிற காலத்தில் ஊரைப் பார்த்து என்ன செய்வது என்று கேட்டாள்.

"நான் விசாரிக்காமல் ஒருத்தருக்கும் பிள்ளை குடுக்கமாட்டன்," என்றாள் மங்கையற்கரசி. "யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை எண்டாலும் விசாரிப்பன். ஜேர்மன்காரன் எண்டாலும் விசாரிப்பன். உவனை மட்டும் விசாரியாமல் விட்டால் அதுதான் பிள்ளை மரியாதைக் குறைவு."

இங்கே ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளைக்கு முன்னால் அவனுடைய ஊரைத்தான் பார்ப்பார்கள். மண் சிவப்பா வெள்ளையா, கிணற்றில் நல்ல தண்ணீரா உவரா, என்ன பயிர் செய்கிறார்கள், அயலில் யார், யார் வீட்டில் யார் செம்பு தூக்கித் தண்ணீர் குடிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைக் கேட்கமாட்டார்கள். அவர்கள் நல்லதைத்தானே சொல்வார்கள். அந்த ஊரில் சொந்தமில்லாத ஒருவரைத் தேடிப் பிடித்து, வேறு ஏதோ அலுவலாக வந்தவர் மாதிரிக் கதை கொடுத்து அறிவார்கள். இதற்குள் சாதியும் இருக்கிறது. இல்லையென்று மூடி மறைத்து என்ன பயன்? என்ன ஆக்கள் என்று ஒருவர் கேட்டால் கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். மங்கையற்கரசியைப் பெண் கேட்டபோதும் இப்படித்தான் இரண்டு பக்கமும் ஆள் போய் வந்தது.

ஆனால் புருண்டியில் யாரை வைத்து விசாரிப்பது?

கடையில் நின்றுகொண்டு அவள் யோசித்தாள். இத்தனை வருடமாக எத்தனை ஆபிரிக்கப் பெண்களுக்குக் கிழங்கும் வாழைக்காயும் நிறுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒருத்தியிடமாவது எந்த நாடு என்று கேட்டதில்லை. கடையில் எல்லோருக்கும் அவர்கள் ஆபிரிக்கர், அவ்வளவுதான். நம்மைப் பார்த்து ஜேர்மன்காரர் இந்தியர் என்று சொன்னால் மட்டும் நமக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. அன்று முதல் வருகிறவர்களிடம் எல்லாம் கேட்கத் தொடங்கினாள். கானா என்றாள் ஒருத்தி. கமரூன் என்றாள் இன்னொருத்தி. கொங்கோக்காரி ஒருத்திதான், புருண்டியா, அந்தக் குளிர் மலைக்காரர்களா என்று சிரித்துவிட்டு, பீலெஃபெல்ட்டில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். பெயர் யோசப்பின். கயன்சாப் பக்கத்து ஆள்.

கயன்சா என்ற சொல்லைக் கேட்டதும் மங்கையற்கரசிக்கு உசார் வந்துவிட்டது. அடுத்த விடுமுறை நாளன்று ரயில் ஏறினாள். வெறுங்கையோடு போகவில்லை. விசாரிக்கப் போகிறவர் அலுவல் ஒன்றோடு போக வேண்டும் அல்லவா? அலுமாரியில் இருந்த குளிர் கோட்டை எடுத்து, நன்றாக இருந்த அதன் ஜிப்பைக் குறட்டால் பிடித்து இழுத்து உடைத்துக்கொண்டு போனாள்.

யோசப்பினின் கடை ஒரு ஒடுக்கமான அறை. ஒரு தையல் மெசின், ஒரு பெரிய மேசை, சுவர் முழுக்கத் தொங்குகிற பிறத்தியார் உடுப்புகள். அவளுக்கு அறுபதுக்குக் கிட்ட வயதிருக்கும். கோட்டை வாங்கி ஜிப்பைப் பார்த்தாள். பிறகு மங்கையற்கரசியைப் பார்த்தாள். இது தானாக உடையவில்லையே என்றாள்.

மங்கையற்கரசிக்கு முகம் கறுத்துப்போயிற்று. பொய் சொல்லிப் பார்த்தாள், டொச் வரவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னாள். மகள் ஒருவனைக் கட்டப் போகிறாள், அவன் உங்கள் பக்கத்து ஆள், அந்த ஊரைப் பற்றி அறிய வந்தேன் என்று. யோசப்பின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் பக்கத்திலும் இப்படித்தான், பெண் வீட்டைப் பற்றி அறிய வேண்டுமென்றால் விதைக்கு அவரைக்கொட்டை வாங்கப் போகிறவள் மாதிரி ஒருத்தியை அனுப்புவார்கள் என்றாள். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி வைத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு டொச்தான் தெரிந்திருந்தது. அதனால் கதை நன்றாகப் போயிற்று.

"ஊர் என்ன?" என்று முதலில் அதைத்தான் கேட்டாள் மங்கையற்கரசி. "அவன் மூன்று பெயர் சொல்கிறான்."

யோசப்பின் பதில் சொல்லாமல், திருத்த வந்திருந்த மேசை விரிப்பு ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். இரண்டு பக்கமும் கை வைத்து நடுவுக்கு நெருக்கினாள். துணி மடிப்பு மடிப்பாக எழும்பியது. இதுதான் எங்கள் இடம் என்றாள். மடிப்பின் முதுகெல்லாம் மலை. இடுக்கெல்லாம் பள்ளத்தாக்கு. சமநிலம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் நினைக்கிற மாதிரி ஊரும் கிடையாது. வீடுகள் கூட்டமாக இருக்காது. ஒவ்வொரு வீடும் தன்பாட்டில், மலைச்சரிவில், வாழைத் தோட்டத்துக்கு நடுவில், சுற்றி வேலி கட்டி இருக்கும். ஒரு மலை என்றால் அதுதான் ஒரு ஊர் மாதிரி. பல மலை சேர்ந்தது முருத்தா. அப்படிப் பல சேர்ந்தது கயன்சா மாகாணம். அரசாங்கம் இந்த வருடம் மாகாணங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பெயரையும் மாற்றிவிட்டது. மலையை அவர்களால் மாற்ற முடியாது. பிள்ளை மூன்று பெயர் சொன்னது பொய் இல்லை. அந்நியர் கேட்டால் மாகாணம் சொல்வோம். கொஞ்சம் தெரிந்தவர் கேட்டால் முருத்தா என்போம். நெருங்கினவருக்குத்தான் மலையைச் சொல்வோம்.

மங்கையற்கரசி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த மண்ணில் ஒரு மேடுகூடக் கிடையாது. பனை மரத்தில் ஏறினால்தான் தூரம் தெரியும். மலையைச் சொன்னபோது அந்தப் பிள்ளை தங்களை நெருங்கின ஆட்கள் என்று நினைத்திருக்கிறான். அண்ணன் அதைப் பொய் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பிறகு குளிரைப் பற்றிக் கேட்டாள். பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தானே அந்த நாடு? கிட்டத்தான், ஆனால் நாங்கள் மேலே இருக்கிறோம் என்றாள் யோசப்பின். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீற்றர். ரயிலில் வருகிற வழியில் நீங்கள் பார்க்கிற இந்த மேடுகளை எல்லாம் நாங்கள் மலை என்றே சொல்லமாட்டோம். புரட்டாதியில் தொடங்குகிற மழை, நடுவில் கொஞ்சம் ஓய்ந்து, வைகாசி வரைக்கும் பெய்யும். ஆனியில் இருந்து ஆவணி வரை ஒரு துளி கிடையாது. அந்த வெயில் காலத்தில்தான் இரவு நடுங்கும். காலையில் பள்ளத்தாக்கு முழுக்க முகில் நிறைந்து கிடக்கும். மலை உச்சிகள் மட்டும் தீவு மாதிரி மேலே தெரியும். மேற்கே பெரிய காடு. காட்டோரத்தில் தேயிலை. அதற்குக் கீழே கோப்பி, வாழை, அவரை, வற்றாளை.

தண்ணீர்? ஒவ்வொரு மலைக்கும் அடியில் ஊற்று. நல்ல தண்ணீர், பல் கூசும் குளிர். இறங்குவது சுகம், குடத்தோடு ஏறுவதுதான் வினை. சனம்? சனத்துக்குக் குறைவே இல்லை. ஒரு கையளவு நிலமும் சும்மா கிடக்காது. தகப்பனுடைய துண்டைப் பிள்ளைகள் பிரித்து, அவர்களுடைய பிள்ளைகள் பிரித்து, இப்போது சிலருக்கு ஒரு பாய் விரிக்கிற அகலம்தான் மிச்சம்.

அது எங்கடை பக்கமும் அப்படித்தான் என்றாள் மங்கையற்கரசி. எல்லை வேலிக் கதியாலுக்காக வழக்குப் பேசிய தன் சித்தப்பன்மாரை நினைத்துக்கொண்டாள்.

எத்தனை மாடு கேட்டிருக்கிறீர்கள் என்று யோசப்பின் திடீரென்று கேட்டாள். மங்கையற்கரசிக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும் அல்லவா என்று அவள் விளக்கினாள். எங்கள் பக்கத்தில் பெண் வீடுதான் எல்லாம் கொடுக்கும் என்றாள் மங்கையற்கரசி. யோசப்பின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளையையும் கொடுத்து மாட்டையும் கொடுப்பீர்களா என்று கேட்டாள்.

பேனாட்டின் பெயரையும், ருவெகுராவுக்குப் பக்கத்து மலை என்பதையும் சொல்லி, அந்தக் குடும்பத்தைப் பற்றியும் விசாரித்தாள். யோசப்பினின் மலைக்கு எதிர் மலைதான் பேனாட்டின் மலை. நடந்து போவதென்றால் பள்ளத்தில் இறங்கி ஏற அரைநாள் போய்விடும். ஆனால் இந்த மலையிலிருந்து பார்த்தால் அந்த மலையில் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் சண்டை என்று எல்லாம் தெரியும். பேனாட்டின் தாயை யோசப்பினுக்கு நன்றாகத் தெரியும். கோப்பிப் பழம் நிறுக்கிற இடத்தில் தராசுக்காரனோடு சண்டை பிடிக்காத நாள் அவளுக்குக் கிடையாது. பெரிய வாய்க்காரி. இளம் வயதில் புருசனை இழந்தவள், தனியே நின்று பிள்ளைகளைப் படிப்பித்தாள். மலையில் யாருக்கும் அவளோடு வாய் கொடுக்கப் பயம்.

மங்கையற்கரசிக்கு அந்த மனிசியை அப்போதே பிடித்துப்போய்விட்டது.

இனி ஒரு கேள்விதான் மிச்சம். அண்ணன் கேட்டுவரச் சொன்ன கேள்வி. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள். அவர்கள் எந்தப் பகுதி ஆட்கள்?

யோசப்பின் எழும்பினாள். மேசையில் மடிந்து கிடந்த விரிப்பைத் தட்டித் தட்டித் தட்டையாக்கினாள். பிறகு சொன்னாள்.

"தண்ணீர் கேட்டீர்கள், சொன்னேன். மழை கேட்டீர்கள், சொன்னேன். அந்த வீட்டுச் சண்டையைக் கேட்டாலும் சொல்வேன். இதைச் சொல்லமாட்டேன். இந்தக் கேள்வியை எங்கள் மலையில் ஒருமுறை வீடு வீடாக வந்து கேட்டார்கள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒக்ரோபரில். கேட்டவர்கள் இரண்டு பகுதியிலும் இருந்தார்கள். என் தமையன் பதில் சொன்னான்."

அவள் கோட்டை எடுத்து, உடைந்த ஜிப்பைப் பிரிக்கத் தொடங்கினாள்.

மங்கையற்கரசிக்குப் பழைய பஸ் பயணம் ஒன்று நினைவுக்கு வந்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவள் தகப்பனோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, வழியில் பொல்லோடு சிலர் ஏறினார்கள். ஒவ்வொரு இருக்கையாக வந்து, நீ யார் என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒரு சிங்களப் பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கித் தகப்பனின் மடியில் வைத்தாள். இவர் என் புருசன் என்றாள். பொல்லுக்காரர் அடுத்த இருக்கைக்குப் போனார்கள். அந்த அடுத்த இருக்கையில் இருந்தவரை இறக்கிக்கொண்டு போனார்கள். அவர் வேட்டி உடுத்தியிருந்தார். அவரைப் பற்றி அது மட்டும்தான் அவளுக்கு நினைவில் நிற்கிறது.

இத்தனை வருடத்தில் அந்தப் பஸ்ஸையும், என்ன ஆக்கள் என்று கல்யாண வீடுகளில் கேட்பதையும் அவள் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தாள். பார்த்த பிறகு அந்தக் கேள்வியை மறுபடி எடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதில் இல்லாமல் போனால் அண்ணன் வரமாட்டார் என்று தெரியும். தெரிந்துகொண்டே, என்னை மன்னிக்க வேண்டும், இனிக் கேட்கமாட்டேன் என்று சொன்னாள். யோசப்பின் தலையாட்டினாள். புது ஜிப் தைத்துக் கொடுத்து, இனிக் குறடு பிடிக்க வேண்டாம், சும்மா வாருங்கள் என்று அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கதிர்காமநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். நல்ல சம்பந்தத்துக்குப் போய் வந்த ஆள் ஒப்புவிக்கிற மாதிரி அவள் ஒழுங்காகச் சொன்னாள். மலை, ஊற்று, மழை, குளிர், காடு, தேயிலை, கோப்பி, சனத் தொகை. மூன்று பெயர் ஏன் என்று சொன்னாள். கம்பளிச் சட்டை ஏன் என்று சொன்னாள். தாய் சண்டைக்காரி என்பதையும் மறைக்கவில்லை. மாட்டுக் கதையைச் சொன்னபோது கதிர்காமநாதனுக்கும் சிரிப்பு வந்தது. நல்ல வழக்கம், நாங்கள்தான் பிழையான இடத்தில் பிறந்திட்டம் என்றார். முகம் இளகியிருந்தது.

பிறகு கேட்டார்.

"சரி. என்ன ஆக்களாம்?"

"அறியேல்லை அண்ணை."

"அறியேல்லையோ? அதுக்குத்தானே உன்னை அனுப்பினது?"

"நீங்கள் அனுப்பேல்லை. நான் போனனான். அதைக் கேக்கத்தான் போனன், கேக்கக்கூடாதெண்டு அங்கைதான் விளங்கினது."

"அப்ப அரைவாசி விசாரிச்சுப்போட்டு வந்து நிக்கிறாய்."

"முழுக்க விசாரிச்சிட்டன். உது விசாரணையிலை சேராது. இனி ஒருத்தருக்கும் சேராது. உங்கடை பெடிக்குப் பொம்பிளை பாக்கேக்கையும் என்னட்டை உதைக் கேக்கச் சொல்லாதேங்கோ."

கதிர்காமநாதன் எழும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் வரமாட்டேன் என்றார். தாய்மாமன் இல்லாமல் யார் முன்னுக்கு நிற்பது என்று கேட்டார்.

"நான் நிப்பன்."

"நீ எப்பிடி நிக்கிறது? புருசன் இல்லாத..."

"பிள்ளையைப் பெத்தது நான். வளத்தது நான். சாட்சிக் கதிரையிலை நான் இருந்தால் கதிரை உடைஞ்சு விழுமோ? நீங்கள் வந்தால் சந்தோசம் அண்ணை. வரேல்லையெண்டால் கோவமில்லை. சோறு கட்டி அனுப்புவன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மங்கையற்கரசி போகும்போது அண்ணிதான் அவளுடைய கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். அண்ணன் வீட்டுப் படியால் இறங்கும்போது மங்கையற்கரசி ஒருதரம் நின்று கதவைப் பார்த்தாள். இந்த நாட்டில் அவளுக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிதுசாவிடம், சாட்சிக்கு உன் சிநேகிதியை வைக்க வேண்டாம், நான் இருப்பேன், என் பெயரைக் கொடு என்றாள். மிதுசா சோபாவில் இருந்து எழும்பி வந்து, தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, என்ன விசாரித்தீர்கள் என்று கேட்டாள். மங்கையற்கரசி சொல்லத் தொடங்கினாள். மகளுக்குத் தெரியாத விசயங்கள் அதில் நிறைய இருந்தன. அவள் அவனைக் கட்டப் போகிறாளே தவிர, அவனுடைய மலைக்கு எத்தனை மாதம் மழை என்று கேட்டதில்லை.

ஒன்று மட்டும் பாக்கி என்றாள் தாய். சம்பந்தியோடு நான் கதைக்க வேண்டும்.

பேனாட் வந்து கைபேசியில் தாயைக் கூப்பிட்டான். அங்கே மழை தொடங்கிவிட்டது. தகரத்தில் சத்தம் கேட்டது. அந்த மனிசி போர்வையைச் சுற்றிக்கொண்டு படத்துக்கு மிகக் கிட்ட வந்தாள், ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் தெரிந்தன. மங்கையற்கரசி வணக்கம் சொன்னாள். சுகம் கேட்டாள். அவரைப் பயிர் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாள். பேனாட் மொழிபெயர்த்தான். தாய் பதிலுக்கு நீளமாக எதையோ சொன்னாள். பேனாட் தலையைச் சொறிந்தான்.

என்னவாம் என்று கேட்டாள் மங்கையற்கரசி. சொல்ல வேண்டாம் மாமி என்றான் அவன். மாமி என்று கூப்பிட மிதுசா சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னான். அங்கேயும் விசாரணை நடந்திருக்கிறது. முன்பொருக்கால் இலங்கைக்குப் போய் வந்த பாதிரியார் ஒருவரைத் தேடிப் பிடித்து யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். மலையே இல்லையாம், ஆறு இல்லையாம், சில இடத்தில் தண்ணீர் உப்பாம். இப்படிப்பட்ட இடத்துச் சனத்தை எப்படி நம்புவது என்று அவளுக்கு யோசனை. முக்கியமாக ஒன்று கேட்கிறாள்.

"மலை இல்லாத இடத்திலை பக்கத்து வீட்டிலை என்ன நடக்குதெண்டு எப்பிடித் தெரியுமாம் எண்டு கேக்கிறா," என்று மிதுசா தமிழில் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மங்கையற்கரசி சிரிக்கவில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லு பிள்ளை. எங்கடை கோண்டாவில் கிணத்துத் தண்ணி இனிக்கும், உப்பெண்டு சொன்னவர் வேறை எங்கையோ குடிச்சிருக்கிறார். பக்கத்து வீட்டை வேலியாலை எட்டிப் பாப்பம். ஓலையிலை ஓட்டை இல்லாட்டில் ஓட்டை போட்டுப் பாப்பம். அதெல்லாம் ஒரு குறைவுமில்லை."

அது மொழிபெயர்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கைபேசி அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. படம் ஆடியது, வாழையிலை ஒன்று தெரிந்தது, தகரக் கூரை தெரிந்தது, பிறகு மறுபடி அந்தக் கண். மனிசி ஏதோ கேட்டாள். கல்யாணத்துக்கு யார் நிற்கிறார்கள், தகப்பன் பக்கமா, மாமன் பக்கமா என்று கேட்கிறாள் என்றான் பேனாட்.

"வெள்ளிக்கிழமை நான் நிக்கிறன் எண்டு சொல்லு தம்பி," என்றாள் மங்கையற்கரசி. "அவவின்ரை பக்கத்துக்கும் சேத்துத்தான்."